கூந்தன்குளத்தில் வரித்தலை வாத்து குறைந்தால் மலையிலும் குறைகிறது என்று அர்த்தமா?

தேரூர்_கிளுவை கேட்டது:

வணக்கம். நாகர்கோவில் பக்கம் பறவை பார்க்கிற எங்கள் வாட்சப் குழுவில் சில நாளாகச் சண்டை ஓயவில்லை, அதனால் இங்கே கொண்டுவந்து போடுகிறேன். விஷயம் வரித்தலை வாத்து, அதாவது தலையில் இரண்டு கறுப்பு வரி உள்ள பார்-ஹெடட் கூஸ். நம் தேரூர், சுசீந்திரம், மணக்குடிக்கு வருவதெல்லாம் பெரும்பாலும் நீலச்சிறகுக் கிளுவையும் ஊசிவாலும்தான், வரித்தலையை நம்பிப் போய்ப் பார்க்க வேண்டுமென்றால் ஆரல்வாய்மொழி தாண்டி நாங்குநேரி பக்கம் கூந்தன்குளத்துக்குத்தான் வண்டியை விட வேண்டும். சில வருடம் கரையெல்லாம் அவையாக இருக்கும். சில வருடம் தேடித் தேடி ஒரு சின்னக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு டீ குடித்துத் திரும்ப வேண்டியதுதான். அங்குள்ள பெரியவர்களிடம் கேட்டால் "அந்தக் காலத்துல வந்தது மாதிரி இப்போ எங்க வருது" என்கிறார்கள்.

குழுவில் ஒருவர், இமயமலையில் பனி உருகுகிறது, முட்டையிட இடமில்லை, இனமே அழிந்துகொண்டிருக்கிறது என்று அடித்துச் சொல்கிறார். இன்னொருவர், அதெல்லாம் சும்மா, குளத்தில் தண்ணீர் கிடந்தால் வரும், இல்லாவிட்டால் வராது, அவ்வளவுதான் என்கிறார். ஆதாரம் கேட்டால் முதல் ஆள் யூடியூப் வீடியோ அனுப்புகிறார், இரண்டாவது ஆள் கோபித்துக்கொண்டு குழுவை விட்டே போய்விட்டார்.

மலையில் குஞ்சு பொரித்து, குளிருக்குச் சமவெளிக்கு இறங்கி வருகிற ஒரு வாத்து, முப்பது நாற்பது வருடக் கணக்கில் கூடுகிறதா குறைகிறதா என்பதை எதை வைத்துச் சொல்கிறார்கள்? ஒரு குளத்துக் கணக்கு போதுமா? அப்புறம், நம் பக்கம் வருகிறவை உண்மையில் எந்த மலையிலிருந்து வருகின்றன? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள், லிங்க் மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள்.

---

கும்பப்பூ:

தம்பி, இமயமலை வரைக்கும் போவதற்கு முன்னால் நம்ம வயக்காட்டைப் பாருங்கள். இந்த வாத்து பகலில் தண்ணீரில் கிடக்கும், பொழுது சாய்ந்ததும் வயலுக்கு மேயப் போகும், புல்லும் பயிரும் சிந்தின நெல்லும்தான் அதற்குச் சாப்பாடு. நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல் விளைந்த இடமெல்லாம் இன்றைக்கு என்ன ஆகிவிட்டது? வாழை, தென்னை, அதற்குப் பிறகு பிளாட்டு. வள்ளியூர், நாங்குநேரி பக்கமும் மழை பொய்த்தால் பயிர் கிடையாது. கூந்தன்குளத்துக்கு மணிமுத்தாறு கால்வாய்த் தண்ணீர் வந்தால்தான் குளம் நிறையும், தண்ணீர் விடுகிற தேதி தள்ளிப்போனால் வந்த வாத்து தரையையா நக்கும்? வேறு குளம் பார்த்துப் போய்விடும்.

எங்கள் குளத்திலேயே பாருங்கள், தாமரைக் குத்தகை விட்டிருக்கிறார்கள், கரையிலிருந்து கரைவரை இலைதான். தாழைக்கோழிக்கும் நாமக்கோழிக்கும் அது கொண்டாட்டம், ஆனால் வாத்து இறங்குவதற்குத் திறந்த தண்ணீர் வேண்டாமா? அதையெல்லாம் விட்டுவிட்டுப் பனி உருகுகிறது என்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

---

வேளிமலை_நிழல்:

அண்ணாச்சி சொல்வதில் முக்கால்வாசி சரி. ஆனால் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. குளம் கெட்டால் அந்தக் குளத்துக்கு வருவது குறையும், இனம் குறைகிறதா என்பது தனிக் கேள்வி. ஜனவரிக் கணக்கெடுப்புக்குப் போய் நிற்கிற ஆள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் எந்த மலை என்பது. வரித்தலை வாத்து முட்டையிடுவது திபெத்தியப் பீடபூமி, சீனாவின் சிங்காய் ஏரி, லடாக், மங்கோலியா, கிர்கிஸ்தான் என்று பரந்து கிடக்கிற உயரமான ஏரிகளில். இவை எல்லாம் ஒரே கூட்டமாகக் கிளம்பி ஒரே இடத்துக்கு வருவதில்லை. சிங்காய் ஏரியில் இருப்பிடம் காட்டும் கருவி கட்டிவிட்ட பறவைகளில் பெரும்பாலானவை குளிர்காலத்துக்கு இந்தியாவுக்கே வரவில்லை, திபெத்தில் லாசாவைச் சுற்றியுள்ள பள்ளத்தாக்குகளிலேயே தங்கிவிட்டன. தென்னிந்தியக் குளங்களில் பார்க்கிறவற்றில் மங்கோலியாவில் கழுத்துப் பட்டை மாட்டியவை பல தடவை கண்ணில் பட்டிருக்கின்றன. ஒடிசாவின் சிலிக்கா ஏரியிலும் நம் கூந்தன்குளத்திலும் பிடித்துக் கருவி கட்டியும் பார்த்திருக்கிறார்கள். ஆக, கூந்தன்குளத்தில் குறைந்தது என்றால் அது லடாக்கைப் பற்றியோ சிங்காயைப் பற்றியோ சொல்வதைவிட மங்கோலியாவைப் பற்றிச் சொல்வதற்குத்தான் வாய்ப்பு அதிகம். இமயமலை அதற்குக் கடந்து வருகிற வழி, வீடு இல்லை. உங்கள் குழுவில் பனி உருகுகிறது என்று சொன்ன நண்பர் இதை யோசித்திருக்க மாட்டார்.

(போகிற போக்கில் ஒன்று. எவரெஸ்டுக்கு மேலே பறக்கிற வாத்து என்று வருடா வருடம் ஒரு ஃபார்வர்டு வரும். கருவி கட்டி அளந்த ஆய்வுகளில் பதிவான உச்ச உயரம் 7,290 மீட்டர். அதுவும் அபூர்வமாகத்தான். பெரும்பாலும் மலைச் சரிவை ஒட்டியே ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போகிறது, ஏறின உயரத்தைப் பிடித்துக்கொண்டு நேராகப் போனால் அதற்குச் செலவு அதிகம். இதுவே போதுமான அதிசயம், எவரெஸ்டை இழுக்க வேண்டியதில்லை.)

இரண்டாவது, கணக்கு எப்படி எடுக்கப்படுகிறது என்பது. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987-இல் தொடங்கியது, ஒவ்வொரு ஜனவரியும் நடக்கிறது, நடத்துவது பெரும்பாலும் நம்மைப் போன்ற தன்னார்வலர்கள். இதன் பலமும் அதுதான், பலவீனமும் அதுதான். ஒரு வருடம் நாலு பேர் நல்ல தொலைநோக்கியோடு காலையிலேயே போவார்கள், அடுத்த வருடம் ஒரே ஆள் பத்து மணிக்கு மேல் வெயிலில் போய்க் கானலுக்குள் எண்ணிக்கொண்டிருப்பார். வரித்தலை விஷயத்தில் நேரம் ரொம்ப முக்கியம், ஏனென்றால் அண்ணாச்சி சொன்னது போல் அது இரவில் வயலில் மேய்ந்துவிட்டுக் காலையில்தான் தண்ணீருக்குத் திரும்பும். திரும்புவதற்கு முன்னால் போய் எண்ணினால் குளம் காலி. யார் எண்ணினார், எத்தனை மணிக்கு எண்ணினார், எத்தனை குளம் பார்த்தார் என்று எழுதி வைக்காத கணக்கை நீண்டகாலப் போக்குக்குப் பயன்படுத்தவே முடியாது. பறவைப் பதிவுச் செயலிகளில் போடுகிறவர்கள் தயவுசெய்து நேரத்தையும் தூரத்தையும் போடுங்கள். "பறவை ஏதும் இல்லை" என்பதையும் பதிவு செய்யுங்கள், சும்மா திரும்பி வந்த நாளைப் பதியாமல் விட்டால் எல்லா வருடமும் நல்ல வருடம் போலவே தெரியும்.

மூன்றாவதுதான் உண்மையான சிக்கல். வடக்கே குளிர் குறைந்து தீனி கூடினால் பறவை தெற்கே வருகிற தூரத்தைக் குறைத்துக்கொள்ளும். இது வெறும் ஊகம் இல்லை. ஐரோப்பாவில் குடுமி வாத்து உட்பட மூன்று வாத்து இனங்களை 1980-இலிருந்து 2010 வரை பார்த்ததில், பின்லாந்தில் முன்குளிர்காலத்தில் தங்குகிறவை ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கு மேல் கூடின, சுவிட்சர்லாந்து, பிரான்ஸ் பக்கமெல்லாம் ஏறக்குறைய அதே அளவுக்குக் குறைந்தன. சுவிஸ் ஏரிக்கரையில் நின்று எண்ணினவர் அழிந்துவிட்டது என்று எழுதியிருப்பார், பின்லாந்துக்காரர் பெருகிவிட்டது என்று எழுதியிருப்பார். இரண்டு கணக்கையும் சேர்த்து வைத்த பிறகுதான் பறவை இடம் மாறியிருக்கிறது என்று புரிந்தது.

வரித்தலையிலும் இந்த வாடை அடிக்கிறது. 1990-களில் தென்மத்தியத் திபெத்தில் குளிர்காலத்தில் எண்ணியபோது 13,000-க்கும் 14,500-க்கும் இடையில் கிடைத்தது. பிறகு எடுத்த கணக்குகளில் அது பல மடங்கு. அங்கே குளிர்காலக் கோதுமை சாகுபடி கூடியிருக்கிறது, குளிர் முன்பளவு இல்லை, வேட்டையும் அடங்கியிருக்கிறது. அங்கேயே வயிறு நிறைந்தால் எதற்காக இமயமலையைத் தாண்ட வேண்டும்?

---

தோவாளை_ஜவான்:

கிழக்கு லடாக்கில் பணியில் இருந்தவன் என்பதால் மலைப் பக்கத்துக் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். சோ மோரிரி ஏரி ஏறக்குறைய 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, 2002-லேயே ராம்சார் தளம், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்ற பட்டம். குளிர்காலம் பூராவும் உறைந்து கிடக்கும். பனி உடைகிற சமயத்தில் இந்த வாத்துக்கள் வந்து இறங்கும், இந்தியாவில் முட்டையிடுகிறது என்றால் அது லடாக்கில்தான். ஏரிக்குள் இருக்கிற சின்னச் சின்னத் திட்டுகளில் தரையிலேயே கூடு, நாலிலிருந்து ஆறு முட்டை, அடைகாப்பு ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் குறைவு. தாய் தன் மார்புத் தூவியைப் பிடுங்கித்தான் மெத்தை போடும்.

திட்டில் ஏன் வைக்கிறது என்றால் நரிக்கும் நாய்க்கும் பயந்துதான். ஏரியில் தண்ணீர் இறங்கிவிட்டால் திட்டு கரையோடு ஒட்டிவிடும், நாய் நடந்தே போய்விடும். லடாக்கில் இப்போது பெரிய தொல்லையே நாய்கள்தான் தெரியுமா. டூரிஸ்ட் கூடாரமும் முகாம்களும் கொட்டுகிற மிச்சச் சோற்றில் பெருகிப்போன நாய்கள், குளிர்காலத்தில் ஆட்கள் இறங்கிப் போனதும் பட்டினியில் திரியும், வசந்தத்தில் முட்டை கண்ணில் பட்டால் விடுமா? கருங்கழுத்துக் கொக்குக்கும் இதே கதிதான். பனி உருகுகிறது என்று பொதுவாகப் பேசுகிறவர்களுக்கு நாய் விஷயம் பெரிதாகத் தெரியாது, அங்கே இருந்தவனுக்குத்தான் தெரியும்.

இன்னொன்றும் சொல்லலாம். திபெத் பக்கம் பல ஏரிகள் சுருங்கவில்லை, 1990-களின் கடைசியிலிருந்து பெருத்துக்கொண்டு வருகின்றன, மழையும் கூடியிருக்கிறது, பனியாறு உருகின தண்ணீரும் சேர்கிறது. சிங்காய் ஏரியும் 2000-களின் நடுவிலிருந்து ஏறுமுகம்தான். ஏரி பெருப்பது வாத்துக்கு நல்லது என்று அவசரப்பட்டு முடிவு கட்டக்கூடாது, தாழ்வான திட்டுகள் முங்கிப்போனால் கூடு கட்ட இடம் போய்விடும். அதனால் மலையில் என்ன நடக்கிறது என்பது ஏரிக்கு ஏரி வேறு.

---

தேரூர்_கிளுவை:

@வேளிமலை_நிழல் அண்ணே, அப்படியென்றால் மொத்தத்தில் கூடித்தான் இருக்கிறதா? அப்படிச் சொன்னால் குழுவில் என்னை உயிரோடு விடமாட்டார்கள். பறவைக் காய்ச்சலில் ஆயிரக்கணக்கில் செத்தது என்று எங்கோ படித்த ஞாபகம், அதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே?

---

வேளிமலை_நிழல்:

காய்ச்சல் விஷயம் உண்மை. 2005-இல் சிங்காய் ஏரியில் எச்5என்1 வந்து ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பறவைகள் செத்தன, அதில் வரித்தலைதான் பெரும் பங்கு. காட்டுப் பறவைகளில் அந்த அளவுக்கு அதற்கு முன்னால் உலகம் பார்த்ததில்லை. அந்த அதிர்ச்சிக்குப் பிறகுதான் இத்தனை பறவைகளுக்குக் கருவி கட்டிப் போக்குவரத்தைப் படித்தார்கள், நான் மேலே சொன்ன பாதைத் தகவலில் பாதி அந்த நோயால் கிடைத்ததுதான். அடுத்தது 2020 டிசம்பர் கடைசியில் இமாச்சலத்தில் பாங் அணை நீர்த்தேக்கத்தில் ஆரம்பித்தது, சில வாரத்தில் சுமார் ஐயாயிரம் பறவைகள் போயின, பெரும்பாலும் வரித்தலையே. கூட்டமாக நெருங்கித் தூங்கும், கூட்டமாக மேயும், நோய் வந்தால் அதற்குத் தப்பிக்க வழி கிடையாது.

இப்போது கணக்கைப் பாருங்கள். காய்ச்சலுக்கு முன் 2020-இல் பாங்கில் வரித்தலை சுமார் 49,000. காய்ச்சலுக்குப் பின் 2021-இல் 40,000-ஐ ஒட்டி. வித்தியாசம் ஒன்பதாயிரம், செத்தது ஐயாயிரம். மிச்சம் நாலாயிரம் எங்கே? செத்ததைக் குறைத்து எண்ணினார்களா, பயந்து வேறு தண்ணீருக்குப் போனதா, அந்த வருடம் வந்ததே குறைவா, எண்ணினவர் கை வித்தியாசமா? ஒரே இடத்தில், இத்தனை கவனமாக எண்ணின இடத்திலேயே இப்படி. இரண்டு வருட எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு "இத்தனை சதவீதம் சரிவு" என்று தலைப்புப் போடுகிற செய்திகளைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

மொத்தக் கணக்குக்கு வருகிறேன். உலகத்தில் வரித்தலை 52,000 முதல் 60,000 வரைதான் என்று ஒரு காலத்தில் மதிப்பிட்டிருந்தார்கள். பாங் ஒன்றிலேயே 49,000 நின்றால் அந்தப் பழைய மதிப்பீடு எவ்வளவு நிற்கும்? பிறகு வந்த மதிப்பீடு ஒரு லட்சத்தை ஒட்டிப் போகிறது. பறவை இரட்டிப்பானது என்று இதற்கு அர்த்தம் இல்லை. முன்பு போகாத இடத்துக்கெல்லாம் போய் எண்ணினதிலும் கொஞ்சம் கூடியிருக்கும், உண்மையாகவே பெருகினதிலும் கொஞ்சம் கூடியிருக்கும், இது எவ்வளவு அது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லுகிற மாதிரி பழைய தரவு கிடையாது. பாங் அணையே 1970-களில் கட்டினதுதான். அதற்கு முன்னால் அங்கே அந்த நீர்த்தேக்கம் கிடையாது, தண்ணீர் இறங்கும்போது கோதுமை போடுகிற கரை நிலமும் கிடையாது. வடக்கே இப்படி ஒரு விருந்து வீடு புதிதாக முளைத்த பிறகு தெற்கே எண்ணிக்கை குறைந்தால் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

குழுவில் என்ன சொல்வது என்றால், இனம் இன்றைக்கு அழிவின் விளிம்பில் இல்லை, அழிவு அபாயத்தை மதிப்பிடுகிற ஐயுசிஎன் சிவப்புப் பட்டியலில் கவலை குறைந்த வகைதான். ஆனால் கூந்தன்குளத்துக்கு வருகிற மங்கோலியக் கிளை தனியாகத் தேய்ந்துகொண்டிருக்கலாம், மொத்த எண் அதை மறைத்துவிடும். மங்கோலியாவில் பல சிறு ஏரிகள் வற்றிப்போயிருக்கின்றன, அங்கே இந்த வாத்து பாறை விளிம்பிலும் வேட்டைப் பறவைகளின் பழைய கூட்டிலும்கூட முட்டையிடுகிற ஜாதி, அதன் பிழைப்பு வேறு மாதிரி. திபெத்தில் பெருகுவதும் இங்கே தேய்வதும் ஒரே சமயத்தில் நடக்க முடியும். மொத்தத்தை மட்டும் பார்த்துச் சந்தோஷப்படுகிறவரும் தவறு, குளத்தை மட்டும் பார்த்து அழுகிறவரும் தவறு.

---

மார்த்தாண்டம்_நர்ஸ்:

நான் வேலை பார்ப்பது நியூசிலாந்தில், அதனால் இதை வேறு பக்கத்திலிருந்து சொல்கிறேன். இங்கே மலை ஓடைகளில் ஃபியோ என்று ஒரு நீல வாத்து உண்டு, பத்து டாலர் நோட்டில் இருக்கிறதே அதுதான். நம் கீரிப்பாறைப் பக்கத்து ஓடை போலப் பாறையில் மோதி ஓடுகிற தண்ணீரில்தான் இருக்கும், அலகு நுனியில் ரப்பர் மாதிரி ஒரு மடிப்பு, அதை வைத்துப் பாறையில் ஒட்டியிருக்கிற புழுவைச் சுரண்டித் தின்னும். விஷயம் என்னவென்றால் இது எங்கேயும் போகாது. ஒரு ஜோடி ஓடையில் ஒரு நீளத்தைப் பிடித்துக்கொண்டால் வருடம் முழுக்க அதே இடம்தான். அதனால் பழக்கின நாயோடு ஓடையோரமாக நடந்தே எண்ணிவிடுகிறார்கள், எங்கள் குளத்துக்கு வரவில்லை, வேறு நாட்டுக்குப் போயிருக்கும் என்கிற குழப்பமே கிடையாது. அப்படி எண்ணினதில்தான் நாடு முழுக்கச் சேர்த்து மூவாயிரத்துக்கும் குறைவு என்று தெரியும்.

குறைந்ததற்குக் காரணம் ஸ்டோட். கீரி மாதிரி ஒல்லியான வேட்டைப் பிராணி, முயலை அடக்குவதற்கு 1880-களில் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்டது. பெண் வாத்து ஐந்து வாரம் கரைப் பொந்தில் தனியாக அடைகாக்கும், அப்போதுதான் மாட்டும். காட்டில் பீச் மரங்கள் ஒரேயடியாகக் காய்த்துக் கொட்டுகிற வருடம் எலி பெருகும், எலியைத் தின்று ஸ்டோட் பெருகும், எலி தீர்ந்ததும் அது வாத்துப் பக்கம் திரும்பும். பெண்கள் செத்து ஆண்கள் மட்டும் மிஞ்சின ஓடைகள் இங்கே உண்டு. தலையை மட்டும் எண்ணினால் "பத்து வாத்து இருக்கிறது, பரவாயில்லை" என்றுதான் தோன்றும். எத்தனை ஜோடி, எத்தனை குஞ்சு பறக்கிற வயதுக்கு வந்தது என்று கேட்டால்தான் உண்மை வரும். ஓடையோரம் வரிசையாகப் பொறி வைத்து ஸ்டோட்டைப் பிடித்த இடங்களில் ஜோடியும் கூடியிருக்கிறது, குஞ்சும் தேறியிருக்கிறது.

உங்கள் வாத்திலும் குஞ்சை எண்ண முடியுமா என்று பாருங்களேன். மங்கோலியாவுக்குப் போக வேண்டியதில்லை, குளிர்காலக் கூட்டத்திலேயே இளசு எது முதிர்ந்தது எது என்று பிரிக்க முடிந்தால் அந்த வருடம் அங்கே பொரிப்பு எப்படி என்று தெரிந்துவிடுமே.

---

வேளிமலை_நிழல்:

அக்கா, அருமையான யோசனை, முடியும். முதிர்ந்ததற்குத் தலையில் அந்த இரண்டு கறுப்பு வரி இருக்கும், அந்த வருடக் குஞ்சுக்கு இருக்காது, உச்சந்தலையிலிருந்து பின்கழுத்து வரை ஒரே சாம்பல் பழுப்பு. சீசன் ஆரம்பத்தில் வித்தியாசம் நன்றாகத் தெரியும், போகப் போக இறகு மாற்றிக்கொண்டு வரி முளைத்துவிடும், அதனால் வந்து இறங்கின முதல் வாரங்களிலேயே பார்த்துவிட வேண்டும், தை வரைக்கும் காத்திருக்கக்கூடாது. நூறு பறவையில் எத்தனை இளசு என்பதுதான் கணக்கு, மொத்தம் எத்தனை வந்தது என்பது இதற்குத் தேவையே இல்லை. குளத்தில் தண்ணீர் கூடக் குறைய இருந்தாலும் இந்த விகிதம் பெரிதாகக் கெடாது. ஒரே ஒரு ஜாக்கிரதை, குடும்பம் குடும்பமாக ஒட்டித்தான் நிற்கும், ஓரத்தில் நிற்கிற ஒரு குடும்பத்தை மட்டும் எண்ணிவிட்டு விகிதம் போடக்கூடாது, கூட்டத்தின் நடுவிலும் இரண்டு முனையிலும் பார்க்க வேண்டும். இதை ஆளாளுக்கு ஒரு முறையில் செய்யாமல் ஒரே முறையில் பத்து வருடம் செய்தால் அது நீண்டகாலத் தரவு.

---

கும்பப்பூ:

எல்லாம் நல்லாத்தான் இருக்கிறது. விகிதம் பாருங்கள், படம் எடுங்கள். ஆனால் அந்தப் பத்து வருடமும் குளத்தில் தண்ணீர் கிடக்க வேண்டுமே மக்கா, அதற்கு யார் மனு எழுதுவது? தேரூருக்கும் வேம்பனூருக்கும் 2022-இல் ராம்சார் பட்டம் வந்தது, எல்லாரும் போட்டோ போட்டார்கள். பட்டம் வந்த பிறகு மடை சரியாகுமென்று பார்த்தேன், எங்கள் மடை இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது. கணக்கெடுக்கப் போகிறவர்கள் தண்ணீர் மட்டத்தையும் ஒரு கல்லில் கோடு போட்டுக் குறித்து வையுங்கள், பறவை எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே அதையும் எழுதுங்கள். அப்புறம் யாரும் வந்து வாதாட முடியாது.

---

தேரூர்_கிளுவை:

அண்ணாச்சி, தண்ணீர் மட்டத்தைக் கட்டாயம் குறிக்கிறோம், அந்தக் கல்லை நீங்களே வந்து காட்டிக்கொடுங்கள். குழுவில் இதையெல்லாம் சுருக்கிப் போட்டேன். மங்கோலியா என்றதும் யூடியூப் நண்பர் ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை, பிறகு "மங்கோலியாவிலும் வெப்பம்தானே கூடுகிறது" என்று ஆரம்பித்துவிட்டார், அதிலும் விஷயம் இருக்கிறது என்பதால் விட்டுவிட்டேன். கோபித்துப் போனவரைத் திரும்பச் சேர்த்தாகிவிட்டது, அவரிடம்தான் நல்ல தொலைநோக்கி இருக்கிறது.

வேளிமலை அண்ணே, கடைசியாக ஒன்று. வந்து இறங்கின முதல் வாரம் என்றால் எப்போது கிளம்புவது? கார்த்திகையிலேயே போய்விடலாமா? நாகர்கோவிலிலிருந்து இருட்டோடு கிளம்பினால் அவை வயலிலிருந்து திரும்புவதற்கு முன்னால் கரையில் இருக்கலாம் என்று நினைக்கிறேன்.

---

வேளிமலை_நிழல்:

கார்த்திகை கடைசியிலிருந்து வாரம் ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், முதல் கூட்டம் கண்ணில் பட்ட வாரமே மற்றவர்கள் கிளம்பலாம். காவல்கிணறு, வள்ளியூர், நாங்குநேரி வழியே போனால் காலையில் ரோடு காலியாக இருக்கும். கரையில் வண்டியை நிறுத்திவிட்டுக் கதவை அறையாமல் இறங்குங்கள், ஊருக்குள் ஒருவர் வீட்டு முற்றத்து மரத்தில்கூடப் பறவை கூடு கட்டுகிற ஊர் அது, அங்கே தீபாவளிக்கு வெடிகூட வெடிக்க மாட்டார்கள். விகிதம் எழுதுவதற்கு ஒரு படிவம் தயார் பண்ணி நாளைக்கு இங்கேயே போடுகிறேன், தண்ணீர் மட்டத்துக்கும் ஒரு கட்டம் சேர்த்துவிட்டேன்.